பேணியில் அடைத்த வலிமை



விளையாட்டு வீரர்க்கென விற்கப்படும் சத்துத் தூள்களைப் பற்றி இன்று சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். திரண்ட தோள்களின் படத்தைத் தாங்கிய பேணிகளில் அடைத்து வரும் இத்தூள்கள் பலவகைப்படும். பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதத் தூள் ஒரு வகை, கிரியேற்றின் என்பது மற்றொரு வகை, 'பி.சி.ஏ.ஏ.' என்னும் நான்கு எழுத்துக்களைப் பெரிதாகப் பொறித்து வருவது இன்னொரு வகை. இறுதியிற் கூறியதே இன்றைய பேச்சுக்குப் பொருளாகும். கிளைச் சங்கிலி அமினோ அமிலங்கள் எனத் தமிழில் வழங்கும் தொடரின் ஆங்கில முதலெழுத்துக்களே அவை.

நான் கலைப் பட்டதாரி. இரசாயனம் கற்பித்தவன் அல்லன். எனினும், திருகோணமலையின் உட்துறைமுகத்தை நோக்கி நிற்கும் ஓர்ஸ் ஹில்லில், அதாவது தமிழில் நாம் உவர்மலை என வழங்கும் மேட்டில், அரசினர் பாடசாலையொன்றின் அதிபராக இருப்பவனுக்கு, மாணவர் எதைப் படிக்கின்றனர் என்பதோடு எதை உண்கின்றனர், எதை உண்ணாது விடுகின்றனர் என்பதும் நாள்தோறும் கண்ணிற் படுகிறது. உதைபந்தாட்ட அணியிலும் மெய்வல்லுநர் அணியிலும் உள்ள பிள்ளைகள் இந்த நான்கு எழுத்துக்களை இப்பொழுது வாய்ப்பாடு போல உச்சரிக்கின்றனர். வாய்ப்பாட்டை ஒப்புவிப்பதால் மட்டும் கணக்கு விளங்கிவிடுவதில்லை. ஆதலின் கணக்கையே பார்ப்போம்.

நம் உடலின் தசை, தோல், மயிர், குருதியின் ஒரு பகுதி ஆகியனவெல்லாம் புரதத்தால் ஆனவை. புரதம் என்பது ஒரு நீண்ட கோவை. அக்கோவையில் தொடுத்த மணிகளே அமினோ அமிலங்கள். அவை 20 ஆகும். தமிழின் முதலெழுத்துக்கள் 30. அவற்றைக் கொண்டு எண்ணிலடங்காச் சொற்களை நாம் ஆக்குவது போல, இந்த 20 எழுத்துக்களைக் கொண்டு உடல் தனக்கு வேண்டிய புரதங்களையெல்லாம் எழுதிக்கொள்கிறது. இவற்றுள் 11 எழுத்துக்களை உடல் தானே வார்த்துக்கொள்ளும். எஞ்சிய ஒன்பதையும் உணவின் வழியாகவே பெறுதல் வேண்டும். அவற்றை இன்றியமையா அமினோ அமிலங்கள் என்பர். லியூசின், ஐசோலியூசின், வலின் என்னும் மூன்றும் இந்த ஒன்பதைச் சேர்ந்தவை. இவற்றின் காபன் சங்கிலி நேராகச் செல்லாமல் இடையிலே ஒரு கிளை விட்டு நிற்பதால், கிளைச் சங்கிலி அமிலங்கள் எனப் பெயர் பெற்றன.

இவை நேற்றுக் கண்டுபிடித்த புதுமைகள் அல்ல. லியூசினை 1819ஆம் ஆண்டிலே பிரூஸ்ற் என்னும் பிரெஞ்சு அறிஞர் பாற்கட்டியிலிருந்து பிரித்தார். அடுத்த ஆண்டில் பிரகொன்னோ என்பவர் தசையிலிருந்தும் கம்பளி மயிரிலிருந்தும் அதையே தூய்மையாகப் பெற்று, அதன் வெண்ணிறத்தைக் கருதி, வெண்மை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார். 1901ஆம் ஆண்டில் எமில் பிஷர் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் பாற்புரதத்திலிருந்து வலினைப் பிரித்தார். ஐசோலியூசினோ, சீனிக் கிழங்கின் கழிவுப் பாகிலிருந்து பீலிக்ஸ் ஏர்லிக் என்பவருக்குக் கிடைத்தது. பாற்கட்டி, பால், தசை, பாகு என யாவும் உணவுப் பொருள்களாகவோ அவற்றின் எச்சமாகவோ இருத்தல் காண்க. மாறாக, இன்று பேணியில் வரும் தூளோ பெரும்பாலும் இரு வழிகளிற் செய்யப்படுகிறது: கோழியிறகு, மயிர் முதலியவற்றை அமிலத்திலே கொதிக்கவைத்துப் பிரித்தல் ஒன்று, மாப்பண்டச் சீனியை நுண்ணுயிர்களுக்கு ஊட்டிப் புளிக்கவைத்துப் பெறுதல் மற்றொன்று. இதிற் கேடு யாதுமில்லை. இறகிலிருந்து வந்த லியூசினும் மீனிலிருந்து வந்த லியூசினும் ஒன்றே. எனினும் இச்செய்தியைச் சொன்னபோது எங்கள் கரப்பந்தாட்ட அணியினர் முகத்தைச் சுளித்ததைக் கண்டேன்.

இந்த மூன்றுக்கும் இத்துணைச் சிறப்பு ஏன் வந்தது? அதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையன்று.

நாம் உண்ணும் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகக் குடலிலிருந்து புறப்படும்போது, அவை முதலில் அடையும் துறை ஈரலாகும். துறைமுகப் பட்டினத்தில் வாழும் நமக்கு இதை விளக்குதல் எளிது. ஈரல் ஒரு சுங்கச் சாவடி போன்றது. வரும் சரக்கிற் பெரும் பகுதியைப் பிடித்துத் தன் தேவைக்கும் உடலின் பொதுத் தேவைக்கும் ஒதுக்கும். கிளைச் சங்கிலி அமிலங்களை உடைக்கும் முதல் நொதியமோ ஈரலில் மிகக் குறைவு, தசையிலோ மிகுதி. ஆதலின் இம்மூன்றும் சுங்கத்தில் அதிகம் நில்லாது கடந்து சென்று தசையை அடைகின்றன. தசைப் புரதத்திலுள்ள இன்றியமையா அமிலங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இவையே. ஓட்டத்தின்போதும் பாரந்தூக்கும்போதும் தசை இவற்றை எரிபொருளாகவும் பயன்படுத்துகிறது.

மூன்றனுள்ளும் லியூசினுக்கு வேறொரு தொழிலும் உண்டு. உயிரணுவினுள்ளே எம்-டோர் என வழங்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. புதிய புரதத்தைக் கட்டத் தொடங்கலாமா, பொறுத்திருப்பதா என்று தீர்மானிக்கும் மேற்பார்வையாளன் அது. லியூசின் போதிய அளவு வந்து சேர்ந்ததும், சரக்கு வந்துவிட்டது, வேலையைத் தொடங்கு என்னும் மணியோசை அதன் செவியில் விழுகிறது. இதற்கு ஒரு வேளை உணவில் ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் லியூசின் வேண்டியிருக்கும் என்பர். ஆராய்ச்சிக்கூடத்தில் இவ்வுண்மை வெளிப்பட்டதும் வணிகர்க்கு வழி திறந்தது. மணியை அடிப்பது லியூசின் என்றால், மணியையே பேணியில் அடைத்து விற்கலாமே!

ஆனால் மணி அடித்தால் மட்டும் வீடு எழும்புமா?

பழைய அச்சுக்கூடங்களைக் கண்ட நேயர்கள் சிலரேனும் இருப்பீர்கள். அச்சுக் கோப்பவர் முன்னே பல அறைகள் கொண்ட பெட்டி இருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒவ்வோர் ஈய எழுத்து. ஒரு பக்கத்தைக் கோப்பதற்கு எல்லா எழுத்துக்களும் வேண்டும். 'க', 'த', 'ப' என்னும் மூன்று எழுத்துக்களை மட்டும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டி, கோக்கத் தொடங்கு என்று முதலாளி மணியடித்தால், கோப்பவர் என் செய்வார்? சில வரிகள் ஓடும். பின்னர் ஏனைய எழுத்துக்கள் தீர்ந்துவிடும். வேறு வழியின்றி முன்னமே கோத்து வைத்த பக்கமொன்றைக் கலைத்து, அதிலுள்ள எழுத்துக்களை எடுத்தே வேலையைத் தொடர்வார். மொத்தத்தில் பக்கங்கள் கூடுவதில்லை. கிளைச் சங்கிலி அமிலங்களை மட்டும் தனியே உண்ணும் உடலின் நிலை இதுவே. மற்ற ஆறு இன்றியமையா அமிலங்களும் உணவிலிருந்து வராவிடின், இருக்கும் தசைப் புரதத்தை உடைத்தே அவற்றைப் பெறவேண்டும். அவ்வாறிருக்க, தசை எங்ஙனம் பெருகும்?

எல்லா எழுத்துக்களும் வேண்டும் என்பதைத் திட்டமாகக் காட்டியவர் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ரோஸ் ஆவார். 1935ஆம் ஆண்டில் திரியோனின் என்னும் அமிலத்தைக் கண்டறிந்த அவர், 1940களில் தம் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சாதாரணப் புரத உணவை நிறுத்தி, மாப்பொருளும் சீனியும் கொழுப்பும் தூய அமினோ அமிலங்களும் சேர்ந்த உணவையே கொடுத்தார். இன்றியமையா அமிலம் ஒன்றை மட்டும் விலக்கியபோது, மற்றவையெல்லாம் நிறைய இருந்தும், உடல் தன் புரதத்தை இழக்கத் தொடங்கியது. அதை மீண்டும் சேர்த்ததும் நிலை திரும்பியது.

அண்மைக் கால ஆய்வுகள் இதனோடு முரண்படவில்லை. ஸ்கொட்லாந்தின் ஸ்ரேலிங் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றைக் கூறுகிறேன். பாரந்தூக்கிப் பயின்ற இளைஞர் 10 பேருக்குப் பயிற்சிக்குப் பின் 5.6 கிராம் கிளைச் சங்கிலி அமிலங்களைக் கொடுத்தனர். தசைப் புரதம் உருவாகும் வேகம், சத்தில்லாப் பானம் அருந்தியபோது இருந்ததிலும் 22 சதவீதம் கூடியிருந்தது. இந்த 22ஐயே விளம்பரங்கள் எடுத்து மொழியும். ஆனால் அதே அளவு கிளைச் சங்கிலி அமிலங்களை இயல்பாகவே உடைய முழுமையான பாற்புரதம் முன்னைய ஆய்வுகளிற் காட்டிய ஏற்றத்தில் இது ஏறத்தாழ அரைப் பங்கே என்பதையும் அவ்வாய்வாளரே எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் ரொபேர்ட் வூல்வ் என்னும் அமெரிக்க அறிஞர், அதுவரை மனிதரிடம் நிகழ்ந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இம்மூன்றையும் மட்டும் உண்பதால் தசை பெருகும் என்னும் கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபையும் 2010ஆம் ஆண்டிலேயே, தசையை வளர்க்கும் என்பது முதலாக இவற்றுக்குக் கூறப்பட்ட சிறப்புக்கள் நிறுவப்படவில்லை எனத் தீர்ப்பளித்திருந்தது. கடும் பயிற்சிக்குப் பின் வரும் தசைவலியை இவை ஓரளவு தணிக்கின்றன எனக் காட்டும் ஆய்வுகள் சில உண்டு. அந்த அளவில் அதனை ஏற்றுக்கொள்வோம்.

களைப்பைப் போக்கும் என்னும் கூற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் நியூஸ்ஹோம் 1987ஆம் ஆண்டளவில் ஓர் அழகிய கருதுகோளை முன்வைத்தார். மூளைக்குள் நுழையும் ஒரே வாயிலுக்காகக் கிளைச் சங்கிலி அமிலங்களும் திரிப்டோபன் என்னும் மற்றோர் அமிலமும் போட்டியிடுகின்றன. நெடுநேரம் ஓடும்போது தசை முன்னவற்றை எரித்துவிடுவதால் திரிப்டோபன் கூடுதலாக உள்ளே நுழைந்து, களைப்பைத் தரும் பொருளாக மாறுகிறது. ஆகவே கிளைச் சங்கிலி அமிலங்களை அருந்தினால் களைப்புத் தாமதிக்கும் என்பது அவர் எண்ணம். 1991இல் சுவீடனில் நெடுந்தூர ஓட்டக்காரரிடையே செய்த சோதனையில், மெதுவாக ஓடியவர்களுக்குச் சிறிது பயன் தென்பட்டது. 1995இல் நெதர்லாந்து ஆய்வாளர் பயிற்சி பெற்ற சைக்கிளோட்ட வீரரைக் கொண்டு கவனமாகச் சோதித்தபோதோ எப்பயனும் தோன்றவில்லை. அழகான கருதுகோள்கள் எல்லாம் மெய்யாவதில்லை. இது விஞ்ஞானத்திற்கு மட்டும் உரிய துன்பமும் அன்று.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். சென்ற தவணையில் எங்கள் மாணவன் ஒருவனின் தாயார் என்னைக் காண வந்தார். தகப்பனார் கடலுக்குப் போகிறவர். மகனுக்கு உதைபந்தாட்டத்தில் நல்ல திறமை. "சேர், இந்த மாவை வாங்கிக் குடுத்தாத்தான் ரீமில நிண்டு விளையாடலாம் எண்டு பிள்ளை சொல்லுறான், மெய்தானோ?" என்று கேட்டார். கையில் ஒரு துண்டுக் காகிதத்திலே தூளின் பெயரும் விலையும் எழுதியிருந்தன. அந்த விலை அவர் வீட்டின் இரண்டு கிழமைக் கறிச் செலவுக்கு மேற்பட்டது. மேலும் விசாரித்ததில், பேணிக்குப் பணம் சேர்ப்பதற்காகப் பையன் காலையில் வாங்கும் பாணையும் பருப்பையும் விட்டு, வெறுந்தேநீரோடு பயிற்சிக்கு வந்து கொண்டிருந்தான் என்பது தெரிந்தது. தசையை வளர்க்கும் மூன்று அமிலங்களை வாங்குவதற்காக, அவற்றை மட்டுமன்றி மற்ற ஆறையும் கொண்ட உணவை அப்பிள்ளை துறந்துகொண்டிருந்தான்! "பேணி வேண்டாம் அம்மா, காலைச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள்" என்றேன். பின்னர் அவரை அமரச் செய்து, ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தேன்.

உலக சுகாதார ஸ்தாபனம் முதலிய நிறுவனங்கள் 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு லியூசின் 39 மில்லிகிராம், வலின் 26, ஐசோலியூசின் 20 வேண்டும். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு மூன்றும் சேர்ந்து 4 கிராமும் சிறிது மேலும் ஆகின்றன. வளரும் பிள்ளைக்குச் சற்றுக் கூடும். இப்பொழுது சட்டியைப் பாருங்கள். 100 கிராம் சூரை மீனில் ஏறத்தாழ 23 கிராம் புரதம் உண்டு. அதில் இம்மூன்று அமிலங்களும் சேர்ந்து 4 கிராம் அளவில் இருக்கும். 50 கிராம் மைசூர்ப் பருப்பிலே புரதம் 12 கிராம். மூன்று அமிலங்களும் 2 கிராம். ஒரு முட்டையிலே புரதம் 6 கிராம்; மூன்றும் ஒரு கிராமுக்கு மேல். ஒரு நாளில் உண்ணும் 300 கிராம் அரிசியிலே கூடப் புரதம் 20 கிராம் அளவிலும், இம்மூன்றும் மூன்றரைக் கிராம் அளவிலும் இருக்கின்றன. யாவற்றையும் கூட்டினால் கிளைச் சங்கிலி அமிலங்கள் ஏறத்தாழ 10 கிராம். மொத்தப் புரதம் 60 கிராம் அளவு. பேணிக்காரர் ஒரு வேளைக்கு அளந்து போடச் சொல்வது பெரும்பாலும் 5 முதல் 10 கிராம் வரையான தூளே.

விளையாட்டு வீரர்க்குச் சாதாரண மனிதரிலும் புரதம் கூடுதலாக வேண்டும் என்பது மெய். கிலோகிராமுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை எனத் துறையறிஞர் கூறுவர். நான் மேலே சொன்ன சாப்பாடு 50 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு இந்த எல்லையின் கீழ்ப்படியைத் தொடுகிறது. மாலையில் ஒரு கை அவித்த கடலையும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்ந்தால் இன்னும் மேலேறும். கிண்ணியாவிலும் மூதூரிலும் எருமைத் தயிர் சட்டியிலே உறைந்து வரும் மாவட்டத்தில் வாழ்கிறோம். நெத்தலியும் சூடையும் கரைக்கு வரும் துறையில் வாழ்கிறோம். இவை எந்நாளும் எல்லோர்க்கும் மலிவாகக் கிடைக்கின்றன என்று சொல்லேன். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மீனும் முட்டையும் பல வீடுகளின் சட்டியை விட்டு அகன்றதை ஆசிரியர் அனைவரும் கண்டோம். அதனாலேதான், கையிலிருக்கும் பணம் எங்கே போகிறது என்பது பெரிய கேள்வியாகிறது.

மரக்கறி மட்டும் உண்ணும் வீட்டாரும் அஞ்சவேண்டியதில்லை. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமிலம் குறைவு. பருப்பிலோ அது நிறைய உண்டு. பருப்பிலே குறையும் மெதியோனின் அரிசியில் ஓரளவு மிகுதி. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். அச்சுப் பெட்டியில் வெறுமையாகக் கிடக்கும் அறைகள் இவ்விதமே நிரம்புகின்றன. பயறும் பாற்சோறும், இட்டலியும் சாம்பாரும், கடலையும் புட்டும் என நம் பாட்டிமார் சேர்த்து வைத்த இணைகளில் இக்கணக்கு அமைந்திருப்பது வியப்பே.

போதிய சோறு உண்ணாமை புரதக் குறைவிலும் கொடிதாக அமையக்கூடும். உடலுக்கு வேண்டிய சக்தி மாப்பொருளிலிருந்து வராவிடின், உண்ட புரதத்தையே உடல் எரிபொருளாக்கிவிடும். அடுப்புக்கு விறகில்லாதபோது கதவுப் பலகையைப் பிளந்து எரிப்பது போன்றது அது. வெறுவயிற்றில் ஓடிவிட்டு ஆறு ஏழு கிராம் தூளைக் கரைத்துக் குடிப்பவன், விலையுயர்ந்த பலகையை அடுப்பிலிடுகிறான்.

'கூடுதலாகக் குடித்தால் என்ன, தீங்கில்லையே' என்று கேட்பவரும் உளர். சாதாரண அளவில் நலமுள்ளவர்க்குப் பெருந்தீங்கு இல்லை என்பது உண்மையே. எனினும் இங்கே தமிழ்நாட்டில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி மரபை நினைவூட்ட விரும்புகிறேன். நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918ஆம் ஆண்டு ரொபேர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வுப்பணியே, பின்னர் ஹைதராபாத்துக்கு இடம் மாறித் தேசிய போஷாக்கு நிறுவனமாக வளர்ந்தது. சேலத்திற் பிறந்த மருத்துவ அறிஞர் சி. கோபாலன் அந்நிறுவனத்தை நெடுங்காலம் நடத்தினார். நூறாண்டு நிறைய வாழ்ந்து 2019இல் மறைந்தார். தக்காணத்திலே சோளத்தை முதன்மை உணவாகக் கொண்ட ஏழைகளுக்குப் பெலகிரா என்னும் நோய் ஏன் வருகிறது என்பது அவரை வருத்திய வினா. தோல் கறுத்து வெடித்து, வயிறு கெட்டு, மனமும் தடுமாறும் கொடிய நோய் அது. நயசின் என்னும் உயிர்ச்சத்தின் குறைவே காரணம் எனினும், சோளத்தில் அச்சத்து மற்றத் தானியங்களிலும் அவ்வளவு குறைவன்று. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் புதியதொரு விடையைக் கூறினர். சோளப் புரதத்தில் லியூசின் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. அந்த மிகுதியே திரிப்டோபன் நயசினாக மாறும் வழியைக் குழப்புகிறது என்றனர். ஐசோலியூசினைச் சேர்த்துக் கொடுத்தபோது நிலை சீரடைவதையும் அவர் குழுவினர் 1971இல் எடுத்துக்காட்டினர். பின்வந்த ஆய்வுகள் இக்கொள்கையை முற்றாக உறுதிப்படுத்தவில்லை. வேறு உயிர்ச்சத்துக்களின் குறைவும் அந்நோயிற் பங்கு கொள்கிறது என்பர். ஆயினும், ஓர் அமினோ அமிலத்தைத் தனியே பிரித்து, கூடக்கூட நன்று என்று எண்ணுதல் பொருந்தாது என்பதை நம்மவர் அத்தனை ஆண்டுகளுக்கு முன்னமே ஆராயத் தொடங்கினர். இந்தப் பெயர்களைப் பாடநூல்களிற் காண முடியாதிருப்பது எனக்கு ஒரு மனக்குறை.

இவ்வமிலங்கள் மருந்தாகவும் நஞ்சாகவும் நிற்கும் இடங்கள் இரண்டு உண்டு. சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். ஈரல் சுருங்கி நலிந்த நோயாளர் சிலருக்கு மருத்துவர் இவற்றை மருந்தாகக் கொடுப்பதுண்டு. மாறாக, இம்மூன்றையும் உடைக்கும் நொதியம் பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகளுக்குத் தாய்ப்பாலிலுள்ள அளவே நஞ்சாகிறது. 1954இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட அந்நோயில், குழந்தையின் சிறுநீர் காய்ச்சிய சர்க்கரைப் பாகு போல மணக்கும். ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில் நோயுள்ளவர் எந்தத் தூளையும் மருத்துவரைக் கேளாது தொடலாகாது.

இதுவரை பணத்தையும் உடலையும் பற்றிப் பேசினேன். இளம் வீரனின் நற்பெயரைப் பற்றியும் பேச வேண்டும். கிளைச் சங்கிலி அமிலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்கள் அல்ல. எந்த வீரரும் அவற்றை உண்ணலாம். இடர் யாதெனில், பேணியின் புறத்தே எழுதியிருப்பது மட்டுமே அகத்தே இருக்கிறதா என்பது. ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வுகூடத்தார் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துத் தூள்களையும் மாத்திரைகளையும் சோதித்து 2004ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 94 பொருள்களில், அதாவது ஏறத்தாழ நூற்றுக்குப் 15இல், மேலுறையில் எழுதப்படாத ஹோர்மோன் சார்ந்த பொருள்கள் கலந்திருந்தன. ஒரே இயந்திரத்தில் பலவகைத் தூள்களை அரைத்து அடைப்பதால் அறியாமலே கலந்தனவும் உண்டு. விரைவிற் பயன் தெரிய வேண்டுமென்று வேண்டுமென்றே கலந்தனவும் உண்டு.

ஊக்கமருந்துச் சட்டத்தின் கடுமை இங்கேதான் வெளிப்படுகிறது. வீரனின் உடலிற் காணப்பட்ட பொருளுக்கு அவனே பொறுப்பு. அறியாமல் அருந்தினேன் என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை அழித்துவிடாது. நம் நாட்டுத் துடுப்பாட்ட வீரர் உபுல் தரங்க 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியின்போது அளித்த மாதிரியிலே பிரெட்னிசோன் என்னும் மருந்து காணப்பட்டது. தோள் வலிக்காக அருந்திய மூலிகைப் பானத்தால் அது வந்தது என்பதையும், திறனைக் கூட்டும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை என்பதையும் விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆயினும் மூன்று மாதத் தடையை அவர் அனுபவிக்க நேர்ந்தது. மருத்துவரும் வழக்கறிஞரும் சூழ நிற்கும் தேசிய வீரருக்கே இந்நிலை எனில், மக்கெய்சர் விளையாட்டரங்கிலே தனியே நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளையின் நிலை என்ன? 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கையில் ஊக்கமருந்துத் தடுப்புக்கென ஒரு முகவரகம் இயங்குகிறது. பாடசாலை வீரர்க்கும் அதன் கை எட்டும்.

எங்கள் பாடசாலையிலே இதற்கென நாங்கள் செய்துள்ள ஏற்பாடு மிகச் சிறிது. மாலைப் பயிற்சி முடிந்த அரைமணி நேரத்துக்குள், தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தாளித்த கடலை ஒரு கிண்ணமும் ஒரு வாழைப்பழமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிறோம். பெற்றோர் சிலர் முறைவைத்து அவித்துக் கொண்டுவருகின்றனர். போட்டி நாளுக்கு முதல்நாள் அவித்த முட்டையும் உண்டு. சோழகம் வீசும் மாதங்களிலே திருகோணமலை வெயில் பிள்ளைகளின் உடல் நீரை உறிஞ்சிவிடுமாதலால், உப்பும் தேசிக்காயும் இட்ட தண்ணீர் வாளியொன்று மைதானத்து ஓரத்தில் இருக்கும். இவற்றையும் மீறித் தூள் அருந்தியே தீரவேண்டும் என்னும் மாணவன், அருந்துமுன் பேணியை உடற்கல்வி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். அவர் அதன் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்வார். தடைசெய்யப்பட்ட பொருள்களின் உலகப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதலாந் திகதி புதிதாக நடைமுறைக்கு வருகிறது. முதலாந் தவணை தொடங்கும் கிழமையிலே அதன் தமிழ்ச் சுருக்கத்தைத் தட்டச்சுச் செய்து விளையாட்டறைக் கதவில் ஒட்டிவிடுகிறோம். மற்றப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் அதன் பிரதியை விரும்பினால், வேலை நாட்களில் வந்து பெற்றுச் செல்லலாம்.